மலாக்கா அரிசி

மலாக்காவில் எங்கள் வீட்டுக்குக் கிழக்குப் பார்த்த வாசல். பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, ஒரே அறை. பின்னால் மாட்டுக்கொட்டகை. மழை நாளில் சாணி வாடை உள்ளே வராமலிருக்க ஜன்னலில் சாக்கு கட்ட வேண்டும். கிணறு இரண்டு வீடு தள்ளி. வாடகை மாதம் நாலு படி அரிசி. நோட்டாகக் கொடுத்தால் வீட்டுக்காரர் வாங்கமாட்டார். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். அந்த வீட்டில் நான் ஒருநாள்கூட இருந்ததில்லை. அதன் வாசலைக் கண்ணால் பார்த்ததுமில்லை.

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இப்போது சிலர் என்னைத் தேடி வருகிறார்கள். வாள், கன்னத்தில் அறை, வெட்டிய தலை, இதெல்லாம் வேண்டும் அவர்களுக்கு. நான் வாடகையையும் மாட்டுவண்டிக் கூலியையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். போகட்டும். என் குடும்பத்தைக் கெடுத்தது வாள் இல்லை. முறையாக நடந்துகொள்ள வேண்டும் என்கிற வீம்பு. அதை உட்கார்ந்து கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

எனக்கு அப்போது இருபது வயது. கெடாவில், சிடாம் கிரிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, கணவர், ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. வெள்ளைக்காரத் துரை, யுத்தம் வந்த வாரமே காரில் ஏறித் தெற்கே போய்விட்டார். ரப்பரை வாங்க ஆளில்லாததால் பால் எடுப்பது நின்றுபோய், மரங்களைச் சாய்த்து மரவள்ளி நட்டோம். ஆனால் பெரட்டு மட்டும் நிற்கவில்லை. விடியற்காலையில் தப்படித்ததும் எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணி செக்குரோலைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். அந்தப் புத்தகத்தில் பெயர் இருந்தால்தான் வாரத்துக்குக் கொஞ்சம் அரிசி, உப்பு, லயத்தில் இருக்க இடம். பெயர் இல்லாதவன் தோட்டத்தைப் பொறுத்தவரை ஆளே இல்லை.

சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று முதலில் ஆசை காட்டித்தான் கேட்டார்கள். மூன்று மாதம் வேலை, தினம் கூலி, வயிறு நிறையச் சோறு, உடுத்தத் துணி. அப்போது நாங்கள் சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தோம். துணி என்ற சொல்லுக்கே நாலைந்து பேர் போனார்கள். மூன்று மாதம் கழிந்தது, ஒருவரும் திரும்பவில்லை, ஒரு கடிதம் வரவில்லை. அதன் பிறகு ஆசை காட்டுவதை விட்டுவிட்டு லோரியை அனுப்ப ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் பெரட்டுக் களத்திலிருந்தே அள்ளிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். என் கணவருக்கு இருபத்தாறு வயது, கட்டுமஸ்தான உடம்பு. அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லோரிதான் நினைவுக்கு வரும். கொஞ்சம் ஒல்லியாக, கொஞ்சம் நோஞ்சானாக ஒருவரைக் கட்டியிருக்கக் கூடாதா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் மலாக்காவிலிருந்து என் நாத்தனாரின் கடிதம் வந்தது. அவர் கணவர் அங்கே மாடு வைத்துப் பால் ஊற்றுபவர். ஜப்பான் சிப்பாய்கள் படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் பால் கொடுத்தார். அதனால் கொட்டகையில் வேலை செய்கிறவர்களின் பெயரை எழுதி, முத்திரை குத்தி ஒரு சீட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டில் பெயர் இருக்கிறவனை எந்த லோரியும் தொடாது. தம்பியின் பெயரைச் சேர்க்க இடம் இருக்கிறது, ஆனி முடிவதற்குள் வந்துவிடுங்கள், வீடுகூடப் பார்த்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை உரக்கப் படித்துக் காட்டினேன். என் கணவருக்குப் படிக்கத் தெரியாது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மலாக்காவைத் தவிர வேறு பேச்சில்லை. யுத்தத்துக்கு முந்தின வருஷத்துக் காலண்டர் ஒன்று இருந்தது, சுங்கை பட்டாணி டவுனில் ஒரு கடையில் கொடுத்தது. அதன் தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். சுங்கை பட்டாணியிலிருந்து பிறைக்கு ரயில், பிறையிலிருந்து தம்பினுக்கு ரயில், தம்பினிலிருந்து மலாக்காவுக்குக் கிளை ரயில். வழிச் சாப்பாடு இரண்டு நாளைக்கு. போய்ச் சேர்ந்ததும் பானை, சட்டி. முதல் மூன்று மாத வாடகை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துக்கு. கடைசியில் அவர் ஒன்று சொல்வார்: “கோட்ட வாசலப் பாக்குறதுக்கு.”

அவர் பதினாலு வயதில் அக்காள் கல்யாணத்துக்காக ஒரே ஒருமுறை மலாக்காவுக்குப் போயிருக்கிறார். அந்த மூன்று நாளை வைத்து முப்பது வருஷம் அங்கேயே குடியிருந்தவர் மாதிரிப் பேசுவார். பறங்கிக்காரன் கட்டிய கோட்டையாம், அதை இடித்துவிட்டார்களாம், வாசல் மட்டும் நிற்கிறதாம். ஆற்றங்கரையில் செக்கச்செவேலென்று பழைய கட்டடமாம். நூற்றுக்கணக்கான வருஷமாக நம் ஆட்கள் அங்கே இருக்கிறார்களாம், தமிழ் மறந்து மலாய் பேசிக்கொண்டு பிள்ளையாரைக் கும்பிடுகிறார்களாம்.

“கோட்டை போயி வாசல் மட்டும் நிக்கிற ஊருக்கு, அந்த வாசலப் பாக்க நாலு வெள்ளியா?” என்பேன்.

“மொதல் ஞாயித்துக்கெழம சட்டை போட்டுக்கிட்டு போயி நிக்கணும் புள்ள. நாமளும் ஒரு ஊருக்காரங்கன்னு ஆகணும்ல.”

நான் அந்த வரியை அடிப்பேன். மறுநாள் கணக்குப் பார்க்கும்போது மறுபடி எழுதச் சொல்வார். இப்படி எத்தனை முறை என்று நினைவில்லை.

பணக் கணக்கு ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டை எவ்வளவு சேர்த்தாலும், சேர்ப்பதைவிட வேகமாக அதன் மதிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. பங்குனியில் எழுதிய வண்டிக் கூலி சித்திரையில் ஒரு தேங்காய்க்குக் காணாது. நான் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்ததில் தாளே ஓட்டையாகிவிட்டது. கடைசியில் நாத்தனாரே எழுதிவிட்டார்: நோட்டு வேண்டாம், இங்கே அரிசிக்குத்தான் மதிப்பு, நெல் விளைகிற கெடாவில் இருக்கிறீர்கள், முடிந்த மட்டும் அரிசி கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு எங்கள் மலாக்காக் கணக்கு முழுவதும் அரிசியாக மாறியது. வாடகை இத்தனை படி, பானை சட்டிக்கு இத்தனை படி, மருந்துக்கு இத்தனை படி. கோட்டை வாசலுக்கு ஒரு ஆழாக்கு.

என் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் சைக்கிளில் பெண்டாங் வரைக்கும் போய், வயல்காரரான ஒரு மலாய்க்காரரிடம் கொடுத்து அரிசி வாங்கி வந்தார். சைக்கிளுக்கு டயர் கிடையாது. ரப்பர் தோட்டத்தில் குடியிருந்துகொண்டு, தண்ணீர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றி ஓட்டிய காலம் அது. வழியில் சோதனை போட்டு அரிசியைப் பிடுங்குவார்கள் என்பதால் இரண்டு மூன்று நடையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தார்.

ரயிலில் அரிசியை எப்படிக் கொண்டுபோவது? அதற்கு வழி கண்டுபிடித்தவள் நான்தான். இரண்டு தலையணைகளைப் பிரித்து, இலவம்பஞ்சை எடுத்துவிட்டு நடுவில் அரிசியைக் கொட்டி, சுற்றிலும் மெல்லிசாகப் பஞ்சை வைத்துத் தைத்தேன். தொட்டால் தலையணை மாதிரி இருக்கிறதா என்று பார்க்க அதில் படுத்துப் பழகினோம். கழுத்துப் பிடித்துக்கொண்டது. “நாடே சோத்துக்கு அலையுது, அரிசி மேல தல வச்சுத் தூங்குற மகாராணி நீ ஒருத்திதான் புள்ள” என்று அவர் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

இதற்கிடையில் இன்னொரு கடிதம். தம்பினுக்கும் மலாக்காவுக்கும் இடையில் இருந்த கிளை ரயில் பாதையை ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டிருக்கிறானாம். தண்டவாளம், கட்டை எல்லாவற்றையும் ஏற்றிக் கொண்டுபோகிறானாம், எங்கே என்று தெரியவில்லையாம். அதனால் தம்பினில் இறங்கினால் மாட்டுவண்டிதான். எந்தத் தேதி என்று முன்கூட்டியே எழுதினால் அவர் கணவர் வண்டியை அனுப்பிவைப்பார். கடிதம் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். ஆகவே தேதி ஒன்று குறித்தாக வேண்டும். ஆனியில் ஒரு திங்கட்கிழமையைக் குறித்தோம். எல்லாம் தயார். அந்த நாள் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, விடியலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்திருந்தால் போதும்.

எதிர்வீட்டு அண்ணன் அதைத்தான் சொன்னார். அவர் என் கணவரோடு ஒன்றாக மரம் வெட்டியவர். சுங்கை பட்டாணி ஸ்டேஷனில் அவருக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார், ஒரு கட்டுப் புகையிலை கொடுத்தால் டிக்கெட்டு வாங்கித் தருவார். “யாருகிட்டயும் மூச்சு விடாத தம்பி. கெளம்பிடு. நானும் இன்னும் நாலு நாள்ல பெண்டாங்குப் பக்கம் போயிடுவேன். வயல்ல வேல இருக்கு” என்றார். சொன்னபடியே மனைவியைக் கூட்டிக்கொண்டு போயும்விட்டார். மறுநாள் பெரட்டில் கிராணி அவர் பெயரைக் கூப்பிட்டபோது பதில் இல்லை.

என் கணவர் மட்டும் முடியாது என்றார். பேர் வெட்டிக்கொண்டுதான் போவேன் என்றார்.

தோட்டத்து வழக்கம் அது. ஒருவன் தோட்டத்தை விட்டுப் போவதானால் ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த மாதம் முழுவதும் ஒருநாள் தவறாமல் வேலை செய்ய வேண்டும். மாதம் முடிந்ததும் கிராணி செக்குரோலில் பெயரை வெட்டுவார். அப்படிப் போகிறவன் மரியாதைப்பட்டவன். சொல்லாமல் போகிறவன் ஓடுகாலி. என் மாமனார் ஓடுகாலி. கரங்கான் பக்கத்தில் ஒரு தோட்டத்திலிருந்து ஓடிப்போய்ப் பிடிபட்டு, ஜெயிலுக்குப் போய், திரும்பக் கொண்டுவந்து பெரட்டில் கையைக் கட்டி நிற்கவைக்கப்பட்டவர். மகன் அதைப் பார்த்திருக்கிறார், ஏழு வயதில். அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அந்தப் பேச்சு இவர்களுக்கு முன்னால் போய் லயத்தில் உட்கார்ந்திருக்கும். என்னைப் பெண் கேட்டு வந்தபோது என் அப்பாவே தயங்கினார், ஓடுகாலி வீட்டுப் பையனாச்சே என்று. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் சண்டை போட்டேன்.

“பேரு வெட்டிக்க இப்ப தொரையா இருக்காரு? தொரையே யாருகிட்டயும் சொல்லாமதான் ஓடுனாரு.”

“அவரு ஓடுனா தொர. நான் ஓடுனா ஓடுகாலி மவன். எம் புள்ளைக்கு அந்தப் பேரு வேணாம்.”

“உசுரு இருந்தாத்தான பேரு?”

“ஒரு மாசம்தான புள்ள. திங்கக்கெழமைக்கும் அதுக்கும் சரியா இருக்கு. நீ எழுது.”

இரண்டு நாள் நான் எழுதவில்லை. மூன்றாம் நாள் அவரே பென்சிலைச் சீவி, காலண்டர் தாளில் சுத்தமானது ஒன்றாகப் பார்த்து எடுத்து என் முன்னால் வைத்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்தப் பென்சிலைப் பார்த்ததும் மனது இளகிவிட்டது. இளகியிருக்கக் கூடாது.

எழுதினேன். பெரிய கிராணி ஐயா அவர்களுக்கு, என்று தொடங்கி, இன்ன வீட்டு நம்பரில் இருக்கும் நான் என் குடும்பத்துடன் மலாக்காவுக்குக் குடிபோவதால், இன்றிலிருந்து ஒரு மாதத்தில் செக்குரோலிலிருந்து எங்கள் பெயரை வெட்டிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன், என்று முடித்தேன். படித்துப் பார்த்தால் மொட்டையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள் இப்படிச் சொல்லித்தரவில்லையே என்று, குடிபோவதால் என்பதற்கு முன்னால் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று சேர்த்தேன். அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. எழுத்து நன்றாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது. அவர் கீழே பெருவிரலை வைத்தார்.

கிராணி அதை வாங்கிப் படித்துவிட்டு, “யாரு எழுதுனது? ஒம் பொண்டாட்டியா? எழுத்து முத்து முத்தா இருக்கே” என்று சொன்னாராம். அதை வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னார் என் கணவர். அன்று முழுவதும் எனக்கும் ஒரு மிதப்பு இருந்தது. பொய் சொல்லக் கூடாது, இருந்தது.

அந்த மாதம் அவர் வேலை செய்த மாதிரி எந்த மாதமும் செய்ததில்லை. கடைசி ஆளாக மரவள்ளிக் காட்டிலிருந்து வருவார். கிழங்கு மூட்டையை மற்றவர்களுக்கும் சேர்த்துத் தூக்குவார். போகிறவன் நல்ல பேரோடு போக வேண்டுமாம். நான் வீட்டில் ஒவ்வொன்றாக ஒழித்துக்கொண்டிருந்தேன். அம்மிக்கல்லைக்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். கணக்குத் தாளை எடுத்துக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தபோது, கோட்டை வாசலுக்கான ஆழாக்கை அடிக்காமல் விட்டேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை, அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பெரட்டுக்குத் தப்படித்தபோது களத்து ஓரத்தில் இரண்டு லோரிகள் நின்றன. நான் குழந்தையோடு லயத்து வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிப்பாய்கள் ஐந்தாறு பேர், அவர்களுக்கு முன்னால் கிராணி. தோட்டத்துக்கு இத்தனை தலை என்று உத்தரவு வந்திருக்கிறது. யார் யார் என்பதை அவர்கள் கிராணியிடமே விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும்.

கிராணி ஒன்றும் அரக்கன் இல்லை. அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள், மரவள்ளிக் காடு இருந்தது, அதற்கு ஆள் வேண்டும் என்று மேலேயிருந்து இன்னொரு உத்தரவும் இருந்தது. ஆளையும் அனுப்ப வேண்டும், செக்குரோலிலும் ஆள் குறையக் கூடாது. அவர் தன் புத்தகத்தைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டார்: “பேரு வெட்ட எழுதிக் குடுத்தவங்க எல்லாம் இப்படி வாங்க.”

என் கணவர் முதல் ஆளாகப் போனார். வேகமாகப் போனார். கணக்கு முடித்துச் சீட்டுக் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வணக்கம் சொல்லிக்கொண்டு போனார். அந்த நடை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர், எல்லோரும் ஒழுங்காக எழுதிக் கொடுத்தவர்கள். மீதித் தலையைக் கல்யாணமாகாத ஆட்களை வைத்து நிரப்பினார்.

நான் ஓடினேன். என்ன தோன்றியதோ, ஒரு தலையணையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் லோரியில் ஏற்றியிருந்தார்கள். கிராணியின் காலில் விழுந்தேன்.

“ஐயா, எங்களுக்குத் திங்கக்கெழம ரயிலு. ஒங்களுக்கே தெரியும்லா.”

“தெரிஞ்சுதாம்மா. நீங்க எப்புடியும் போற ஆளுங்க. இருக்கிற ஆள அனுப்புனா நான் தோட்டத்த எப்புடி ஓட்டுறது? மூணு மாசந்தான். வந்ததும் மலாக்காவுக்குப் போங்க, யாரு தடுக்கிறா?”

தலையணையை லோரிக்குள் நீட்டினேன். வழியில் சோற்றுக்கு ஆகட்டும் என்று நினைத்தேன். என் கணவர் அதைக் கையால் தள்ளினார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் கணக்குப் பார்க்கிற குரல்தான்.

“அது மலாக்கா அரிசி புள்ள. தொடாத. எடுத்தா வாடகைக்குக் கொறையும். மூணு மாசம்தான், வந்துடுறேன்.”

லோரி புறப்பட்டது. அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது வாடகையைப் பற்றித்தான்.

அன்றைக்கே எங்கள் பெயர்களுக்கு மேல் சிவப்பு மையில் கோடு விழுந்தது. மாதம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது, அதற்குக்கூட அவர்கள் பொறுக்கவில்லை. என் பெயரும் வெட்டுப்பட்டதால் அரிசிப்படி நின்றது. கிராணி பெரிய மனது பண்ணி லயத்து வீட்டில் மட்டும் இருந்துகொள்ளச் சொன்னார். வெளியே குழி தோண்டி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் வைத்துத் தின்றோம். கூலிக்குப் புல் பிடுங்கினேன். நாத்தனாரிடமிருந்து கடிதம் வந்தது, தம்பியின் பெயரைச் சீட்டில் சேர்த்தாகிவிட்டது, வண்டி தம்பினில் இரண்டு நாள் காத்திருந்து திரும்பியது, ஏன் வரவில்லை என்று. பதில் எழுத மனம் வராமல், எழுதாமலும் இருக்க முடியாமல், மூன்று மாதத்தில் வருகிறோம் என்று எழுதினேன்.

தலையணைகளைத் தொடவில்லை. மூன்று மாதம் ஆயிற்று, ஆறு மாதம் ஆயிற்று, தொடவில்லை. அதைப் பிரித்தால் அவர் வரமாட்டார் என்று நானே முடிவுசெய்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். குழந்தைக்கு உடம்பு ஊதியது. கால் பெருத்து, வயிறு முன்னே வந்து, முடி செம்பட்டையாகிவிட்டது. அப்போதும் நான் கிழங்கைத்தான் அவித்துக் கொடுத்தேன். தாய் என்று சொல்லிக்கொள்ள வாய் கூசுகிறது.

எதிர்வீட்டு அக்காள், அண்ணனோடு பெண்டாங்குக்குப் போனவர், ஒருநாள் எங்களைப் பார்த்துப்போக வந்தார். குழந்தையைத் தூக்கிப் பார்த்தார். பாயில் கிடந்த தலையணையில் கை வைத்தார், அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

“இத வச்சுக்கிட்டா புள்ளையக் கொல்லுற? அவுறுடி இத.”

“அது மலாக்கா அரிசிக்கா. அவரு வந்தா கேப்பாரு.”

பளாரென்று ஒன்று விட்டார். ஜப்பான் காலத்தில் நான் வாங்கிய ஒரே அறை அதுதான், தமிழச்சி கையால். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்டாங்குக்கே தூக்கிப்போய்விட்டார். எட்டு மாதம் வைத்திருந்து கஞ்சி கொடுத்துத் தேற்றிக் கொண்டுவந்து விட்டார். என் மகள் பிழைத்தாள். என்னால் இல்லை.

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகு, எங்கள் லோரியில் போனவர்களில் ஒருவர் மட்டும் திரும்பினார். காலில் எலும்பு தெரிகிற புண். அவரிடம் நான் கேட்கவேயில்லை, அவராகவே சொன்னார். போன மூன்றாம் மாதம், என் கணவருக்கு வாந்தி பேதி. மூங்கில் கொட்டகையில் கிடக்கும்போதுகூடக் கோட்டை வாசல், சிவப்புக் கட்டடம் என்று பக்கத்தில் படுத்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். வெகுநாள் கழித்து நாத்தனார் இன்னொன்றையும் எழுதினார். தம்பினிலிருந்து பெயர்த்த தண்டவாளமெல்லாம் அந்தச் சயாம் பாதைக்குத்தான் போனதாம். என் கணவர் மலாக்காவுக்குப் போகவில்லை. மலாக்காவுக்குப் போகிற பாதைதான் அவரைத் தேடிக்கொண்டு போயிருக்கிறது.

அவர் செத்த செய்தி கேட்டு வந்த அன்று தலையணைகளைப் பிரித்தேன். அரிசி இல்லை. வண்டும் மாவும்தான் இருந்தது. முறத்தில் கொட்டிப் புடைத்துப் பார்த்தேன், ஒரு கைப்பிடி தேறவில்லை. பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டேன்.

தோட்டத்தின் வெள்ளைக்காரக் கம்பெனிக்காரர்கள் திரும்பி வந்து தோட்டத்தை எடுத்தார்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்கள் ஆபீசுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம், உதவி கிடைக்கும் என்று பெரட்டில் சொன்னார்கள். எதிர்வீட்டு அண்ணனும் பெண்டாங்கிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். சொல்லாமல் ஓடிய அவர் பெயரைச் செக்குரோலில் யாரும் வெட்டவில்லை. வரவில்லை, வரவில்லை என்று மாதக்கணக்காக எழுதியிருந்ததாம். பெயர் இருந்ததால் பழைய வீட்டையே கொடுத்து வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவர்மேல் கோபமில்லை. அவர் பெண்டாட்டி இல்லாவிட்டால் என் மகள் இல்லை. ஆனாலும் அன்று அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல்தான் ஆபீசுக்குப் போனேன்.

பழைய கிராணி போய்விட்டார். புதிதாக வந்தவர் சின்ன வயசு, மரியாதையாகப் பேசினார், உட்காரச் சொன்னார். அலமாரியிலிருந்து பழைய செக்குரோலை எடுத்துத் தூசி தட்டி, விரலால் வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சிவப்புக் கோட்டில் விரல் நின்றது.

“சயாமுன்னு இல்லையேம்மா. மலாக்காவுக்குக் குடி போயிட்டாருன்னுல்ல இருக்கு.”

“இல்லீங்க. லோரியில ஏத்துனாங்க. நான் பாத்தேன். திரும்பி வந்தவரு லயத்துல இருக்காரு, கூட்டியாரேன்.”

“நீங்க சொல்றத நான் நம்புறேம்மா. ஆனா புத்தகத்துல இருக்கிறதத்தான் நான் மேல எழுத முடியும். சொந்த விருப்பத்தின் பேருலன்னு அவரே எழுதிக் குடுத்திருக்காரே. மலாக்காவுல நல்லா விசாரிச்சுப் பாத்தீங்களா?”

நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கே குத்தி வைத்திருந்த ஒரு தாளை எடுத்து மேஜைமேல் என் பக்கமாக வைத்தார். காலண்டர் தாள். கீழே என் கணவரின் பெருவிரல் ரேகை, ஒவ்வொரு கோடும் தெளிவாக. அவரைப் பற்றி இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். கேட்டால் கிராணி கொடுப்பாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை.

“எழுத்து அழகா இருக்கும்மா” என்றார் அந்தப் பிள்ளை, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. “யாரு எழுதிக் குடுத்தது?”

நான்தான் என்று சொன்னேன்.